கதவுக்கு வெளியே இருப்பவர்களுக்காக

நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் புதிதாகச் சேரும் மாணவர்களுக்குப் பாதுகாப்பு விதிகளைச் சொல்லிக்கொடுக்கும் பணி, பெரும்பாலான துறைகளில் மூத்த ஆய்வு மாணவர்களிடமே வந்து சேர்கிறது. எனக்கும் சில ஆண்டுகள் அது வாய்த்தது. சுவரில் ஒட்டியிருக்கும் தாளை வாசித்துக் காட்டி, கையொப்பம் வாங்கிக்கொண்டால் அரைமணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். ஆனால் ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒருவர் ஒரே கேள்வியைக் கேட்பார். தமிழ் மாணவர் என்றால் தாழ்ந்த குரலில் தமிழிலேயே கேட்பார்: "அக்கா, இது வெறும் ஈ.கோலைதானே? இதற்கு ஏன் இவ்வளவு கெடுபிடி?"

அது நியாயமான கேள்வி. மரபணுப் படியாக்கத்துக்கு நாம் பயன்படுத்தும் டி.எச்.5-ஆல்ஃபா போன்ற ஈ.கோலை வகைகள் கே-12 என்னும் மூலவகையின் வழித்தோன்றல்கள். 1922-இல் ஸ்டான்ஃபோர்டில் ஒரு நோயாளியின் மலத்திலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு, ஒரு நூற்றாண்டாக ஆய்வகக் குப்பிகளிலேயே வாழ்ந்து பழகியவை. மனிதக் குடலில் நிலைத்து வாழும் திறனை ஏறக்குறைய இழந்துவிட்டவை. நலமாக இருக்கும் இருபத்திரண்டு வயது மாணவருக்கு அவற்றால் தீங்கு நேர்வது அரிது. ஆகவே, "எனக்கு என்ன ஆகிவிடும்?" என்பது கேள்வியானால், "பெரும்பாலும் ஒன்றும் ஆகாது" என்பதே நேர்மையான விடை.

ஆனால் அந்தக் கேள்வியே தவறான இடத்திலிருந்து எழுகிறது என்பது என் எண்ணம். ஆய்வகப் பாதுகாப்பு விதிகளை நாம் தலைக்கவசம் போல, அணிபவரைக் காப்பதற்கானவை என்று கற்பிக்கிறோம். நுண்ணுயிரியலின் வரலாற்றைப் புரட்டினால் வேறொன்று தெரிகிறது. அவ்விதிகளில் பெரும்பாலானவை காப்பது கதவுக்கு வெளியே இருப்பவர்களை. அந்த ஆய்வில் பங்கேற்காதவர்களை, அதற்கு ஒப்புதல் தராதவர்களை, பல நேரங்களில் அப்படியோர் ஆய்வு நடப்பதையே அறியாதவர்களை.

இதை எனக்கு உணர்த்தியதில் நான் பயின்ற கட்டடத்துக்கும் பங்குண்டு. சார்க் நாடுகள் 2007-இல் செய்துகொண்ட உடன்படிக்கையால் பிறந்து, 2010-இல் வகுப்புகளைத் தொடங்கிய தெற்காசியப் பல்கலைக்கழகம், மைதான் கடியில் தன் சொந்த வளாகத்துக்குச் செல்லும்முன் பல ஆண்டுகள் சாணக்யபுரியின் அக்பர் பவனில் இயங்கியது. கட்டடக் கலைஞர் சிவ்நாத் பிரசாத் 1960-களில் வடிவமைத்த அந்தக் கட்டடம் முதலில் அக்பர் ஓட்டல். விருந்தினர்கள் தங்குவதற்கென எழுப்பிய இடத்தில் நாங்கள் பாக்டீரியாக்களைத் தங்கவைத்தோம் என்று எங்களுக்குள் வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வதுண்டு. தூதரகங்கள் சூழ்ந்த பகுதி. ஒரே வளாகத்தில் உயிரித்தொழில்நுட்ப ஆய்வகமும், பொருளியல், சட்டம், சமூகவியல் மாணவர்களின் வகுப்புகளும், நூலகமும், அலுவலகங்களும் இருந்தன. மின்தூக்கியில் என் அருகே நிற்பவர் பன்னாட்டுறவு படிப்பவராக இருக்கலாம்; என் கைகள் சற்றுமுன் எதைத் தொட்டன என்பது அவருக்குத் தெரியாது. அந்தப் பொத்தானை அவரும் அழுத்துவார்.

இன்னொன்றும் உண்டு. அங்கே மாணவர்கள் பல நாடுகளிலிருந்து வந்தார்கள். காத்மாண்டுவிலும் டாக்காவிலும் யாழ்ப்பாணத்திலும் லாகூரிலும் காபூலிலும் திருச்சியிலும் வெவ்வேறு ஆய்வகப் பழக்கங்களைக் கற்றவர்கள் ஒரே மேசையில் நின்றார்கள். ஒருவருக்குக் கையுறை கட்டாயம். மற்றொருவர் படித்த கல்லூரியில் தேர்வு நாளில் மட்டுமே கையுறை கிடைக்கும். "எங்கள் ஊரில் இப்படித்தான்" என்ற சொல்லுக்கு முன் வெறும் விதி எடுபடாது. "ஏன்" என்று சொன்னால்தான் எடுபடும். அந்த "ஏன்"களைத் தேடிப் படித்தபோது எனக்குக் கிடைத்த சிலவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலில், பேனா. ஆய்வகத்தில் பயன்படுத்தும் பேனாவையும் குறிப்பேட்டையும் வெளியே எடுத்துச் செல்லாதீர்கள் என்றால் மாணவர்கள் சிரிப்பார்கள். 2010 ஆகஸ்டுக்கும் 2011 ஜூனுக்கும் இடையே அமெரிக்காவின் 38 மாநிலங்களில் 109 பேர் சால்மொனெல்லா டைஃபிமூரியத்தால் நோயுற்றனர், ஒருவர் இறந்தார். உணவுப் பொருள் எதுவும் காரணமாகச் சிக்கவில்லை. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் தொடர்ந்து தேடியபோது, நோயுற்றவர்களில் பலர் நுண்ணுயிரியல் பயிற்சி ஆய்வகங்களோடு தொடர்புடையவர்கள் என்பது தெரிந்தது. கல்லூரிகளுக்குக் கற்பித்தலுக்காக விற்கப்படும் ஒரு வணிக வகையோடு அந்த பாக்டீரியா ஒத்திருந்தது. இதில் என்னை நிறுத்திய செய்தி ஒன்று: நோயுற்றவர்களில் சிறு குழந்தைகளும் இருந்தனர். அவர்கள் ஆய்வகத்தில் கால் வைத்ததே இல்லை. வீட்டில் ஒருவர் அங்கே படித்தார் அல்லது பணியாற்றினார், அவ்வளவே. பெரியவரின் பை, பேனா, கைபேசி, கை ஆகிய ஏதோ ஒன்றின் வழியே அது வீட்டுக்குள் நுழைந்திருக்க வேண்டும். 2014-இலும் 2017-இலும் அதே போன்ற பரவல்கள் மீண்டும் நிகழ்ந்தன. கைகழுவாமை, மேலங்கியும் கையுறையும் அணியாமை, ஒரே பேனாவையும் குறிப்பேட்டையும் உள்ளும் புறமும் பயன்படுத்தியமை ஆகியவற்றை நோயுற்றவர்களே ஒப்புக்கொண்டார்கள். முதற்பரவலுக்குப் பின், 2012-இல், அமெரிக்க நுண்ணுயிரியல் சங்கம் பயிற்சி ஆய்வகங்களுக்கெனத் தனி வழிகாட்டுதலையே வெளியிட்டது.

சாணக்யபுரியில் இதை விளக்குவதற்கு எனக்கு எளிய வழி ஒன்று இருந்தது. எங்கள் வளாகத்துக்கு அருகே யஷ்வந்த் பிளேஸ். அங்கே மோமோ கடைகள். மாலையில் ஆய்வகத்திலிருந்து நேரே அங்கே செல்வது வழக்கம். ஒரு தட்டு மோமோவை நால்வர் பகிர்ந்து உண்போம். "மேலங்கியைக் கழற்றாமல், கை கழுவாமல், மேசையில் வைத்திருந்த கைபேசியையும் எடுத்துக்கொண்டு அங்கே போனால் அந்தத் தட்டில் கை வைக்கும் மற்ற மூவரும் நம் ஆய்வில் சேர்ந்துவிடுகிறார்கள்" என்பேன். அதன்பின் யாரும் சிரித்ததில்லை. ஆய்வகத்துக்குள் ஒரு பேனா, வெளியே ஒரு பேனா. கைபேசி பையில், பை வெளியே மாடத்தில். மேலங்கி உள்ளே உள்ள ஆணியில். கதவைத் தாண்டுமுன் சோப்பும் தண்ணீரும். இவற்றில் எதற்கும் பெரிய செலவு இல்லை.

இரண்டாவதாக, "நான் கவனமாகத்தான் இருக்கிறேன், எதுவும் சிந்தவில்லையே" என்னும் நம்பிக்கை. அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் பைக் ஆய்வகத்தில் தொற்றிய நோய்களைப் பல ஆண்டுகள் தொகுத்து, 1976-இல் 3,921 நிகழ்வுகளைப் பட்டியலிட்டார். ஊசி குத்தியது, குழாய் உடைந்தது, கரைசல் சிந்தியது என்று குறிப்பிடத்தக்க விபத்தோடு தொடர்புபடுத்த முடிந்தவை அவற்றில் ஐந்தில் ஒன்றுக்கும் குறைவு. எஞ்சியவர்கள் எப்போது, எப்படித் தொற்றுக்கு ஆளானார்கள் என்பது அவர்களுக்கே தெரியவில்லை. "அன்று எதுவும் நடக்கவில்லை" என்றே அவர்களும் சொல்லியிருப்பார்கள்.

நடந்தது என்னவோ, கண்ணுக்குத் தெரியவில்லை. வளர்ப்பு நிறைந்த குழாயை வோர்டெக்ஸில் சுழற்றி உடனே மூடியைத் திறக்கும்போதும், சென்ட்ரிஃபியூஜ் நின்ற கணத்திலேயே அதன் மூடியைத் தூக்கும்போதும், பிப்பெட்டின் கடைசித் துளியைக் குமிழி எழ ஊதித் தள்ளும்போதும், பாக்டீரியா ஒட்டியிருக்கும் வளையத்தை நேரே தீயின் நடுவில் நீட்டிச் 'சர்'ரென்று தெறிக்கவிடும்போதும் நுண்துளிகள் காற்றில் எழுகின்றன. பெரியவை மேசையில் விழுகின்றன. சிறியவை உலர்ந்து மிதக்கின்றன. சுழற்சி நின்ற பின் சில நிமிடம் பொறுத்திருங்கள் என்னும் விதி நம் பொறுமையைச் சோதிக்க வந்ததன்று. அந்தத் துளிகள் அடங்குவதற்கான அவகாசம் அது.

வாயால் பிப்பெட்டை உறிஞ்சும் வழக்கம் இன்று ஏறக்குறைய ஒழிந்துவிட்டது. அவ்வழியில் நேர்ந்த தொற்றாக இலக்கியத்தில் பதிவான முதல் நிகழ்வு 1893-இல். ஒரு மருத்துவர் டைஃபாய்டு பாக்டீரியாவின் வளர்ப்பை உறிஞ்சிவிட்டார். ஜெர்மனியின் மார்பர்க்கில் ஹைன்ரிக் ஷ்னிட்கர் விசை வைத்த மைக்ரோபிப்பெட்டை உருவாக்கியது 1957-இல். ஆபத்து தெரிந்த பின்னும் அறுபது ஆண்டுகளுக்கு மேல் உலகம் வாயாலேயே உறிஞ்சிக்கொண்டிருந்தது. பழக்கத்தின் வலிமைக்கு இதைவிடச் சான்று வேண்டாம். இளநிலைப் படிப்பில் நாங்களும் கண்ணாடிப் பிப்பெட்டை வாயில் வைத்தவர்கள்தாம். "நாங்கள் எல்லாம் இப்படிச் செய்துதானே வந்தோம்" என்று அன்று சொன்ன ஆசிரியர் நல்லவர். தமக்குக் கற்பித்ததையே எங்களுக்கும் கற்பித்தார்.

மூன்றாவதாக, நம் நாட்டு ஆய்வகங்களில் நீண்டகாலமாக இருக்கும் ஒரு சொற்குழப்பத்தைச் சுட்ட வேண்டும். காற்று வடிகட்டி உள்ள எந்தப் பெட்டியையும் நாம் 'லேமினார்' என்றே அழைக்கிறோம். உண்மையில் இரண்டு வேறு கருவிகள் உள்ளன. கிடைமட்டக் காற்றோட்டம் கொண்ட லேமினார் மேடை, பின்புறமிருந்து தூய காற்றை நம் முகத்தை நோக்கி வீசுகிறது. அது காப்பது தட்டை, நம்மையன்று. அதில் நோயுண்டாக்கும் பாக்டீரியாவைத் திறந்தால் எழும் நுண்துளி முழுவதும் நம் மூக்குக்கே வரும், அங்கிருந்து அறைக்குப் பரவும். உயிரியல் பாதுகாப்புப் பெட்டகம் வேறு வகை. அதன் முகப்பில் காற்று உள்நோக்கி இழுக்கப்படுகிறது. வெளியேறும் காற்று வடிகட்டப்படுகிறது. தட்டும் நாமும் அறையில் இருப்பவர்களும் சேர்ந்தே காக்கப்படுகிறோம். வெளித்தோற்றத்தில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றுதான். உங்கள் ஆய்வகத்தில் இருப்பது எது என்று நாளையே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். காற்று எந்தத் திசையில் செல்கிறது என்று ஒரு மெல்லிய தாள்துண்டைப் பிடித்துப் பார்த்தாலே போதும்.

காற்று எங்கே போகிறது என்னும் கேள்விக்கு வரலாற்றில் மிகக் கசப்பான ஒரு பக்கம் உண்டு. பெரியம்மை இயற்கையாகத் தொற்றிய கடைசி மனிதர் 1977 அக்டோபரில் சோமாலியாவில் நோயுற்று, பிழைத்தும் விட்டார். மறு ஆண்டு ஆகஸ்டில் இங்கிலாந்தின் பர்மிங்காம் மருத்துவப் பள்ளியில் ஜேனட் பார்க்கர் என்னும் பெண்மணிக்கு அதே நோய் வந்தது. அவர் நுண்ணுயிரியலாளர் அல்லர். மருத்துவ ஒளிப்படக் கலைஞர். அவருடைய பணியிடம் பெரியம்மை ஆய்வகத்துக்கு மேல் தளத்தில் இருந்தது. செப்டம்பர் 11-இல் அவர் இறந்தார். அவருடைய தாய்க்கும் தொற்றியது, பிழைத்தார். தனிமைப்படுத்தப்பட்டிருந்த தந்தை மாரடைப்பில் இறந்தார். ஆய்வகத் தலைவர் பேராசிரியர் பெட்சன் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அரசின் விசாரணை அறிக்கை காற்றுக்குழாய் வழியே வைரஸ் மேலே சென்றிருக்கலாம் என்றது. பின்னர் நடந்த வழக்கில் அது ஏற்கப்படவில்லை. எவ்வழி என்பது இன்றளவும் முடிவாகவில்லை. பெரியம்மையால் இறந்த கடைசி மனிதர், ஆய்வகக் கதவைத் திறந்து உள்ளே செல்ல வேண்டிய தேவையே இல்லாத ஒருவர் என்பது மட்டும் உறுதி.

பெரியம்மை எங்கே, நம் ஈ.கோலை எங்கே என்று கேட்கலாம். சரிதான். ஆனால் நம் குழாயில் இருப்பது நாம் நினைப்பதுதானா? 2003 செப்டம்பரில் சிங்கப்பூரில், சார்ஸ் பரவல் ஓய்ந்துவிட்டது என்று ஊர் மூச்சுவிட்ட வேளையில், 27 வயது ஆய்வு மாணவர் ஒருவர் காய்ச்சலோடு மருத்துவமனைக்குச் சென்றார். அவர் ஆய்ந்தது வெஸ்ட் நைல் வைரஸை. சார்ஸ் நோயாளி எவரையும் அவர் சந்திக்கவில்லை. ஆனால் அவர் கையாண்ட மாதிரியில் சார்ஸ் வைரஸ் கலந்திருந்தது. அதே ஆய்வகத்தில் இரண்டு வைரஸ்களும் கையாளப்பட்டன. நல்வாய்ப்பாக அவர் குணமடைந்தார். அவரிடமிருந்து வேறு யாருக்கும் தொற்றவில்லை. இங்கே தவறிய விதிகள் நமக்குச் சலிப்பூட்டும் சிறு விதிகளே: ஒரு நேரத்தில் ஓர் உயிரியை மட்டும் திறப்பது, இடையில் மேசையைத் துடைப்பது, ஒவ்வொரு குழாயிலும் பெயரும் நாளும் எழுதுவது, பயிற்சி முடியும்வரை தனியே பணியாற்றாமல் இருப்பது. பெயரில்லாத குழாய் இருந்தால் அதில் இருப்பது மிக மோசமான ஒன்று என்றே கொண்டு அழிக்க வேண்டும். மண்ணிலிருந்தோ ஆற்றிலிருந்தோ நாமே பிரித்தெடுத்த வளர்ப்புகளுக்கு இது இன்னும் பொருந்தும். அவை யாரென்று தெரியாத விருந்தினர்கள்.

நம் 'அப்பாவி' ஈ.கோலையும் முழு அப்பாவி அன்று. படியாக்கத்துக்காக அதற்குள் ஆம்பிசிலினையோ கனமைசினையோ எதிர்க்கும் மரபணுவை நாமே ஏற்றுகிறோம். அந்த வளர்ப்பை அப்படியே கைகழுவும் தொட்டியில் ஊற்றினால் அது சேருமிடம் டெல்லியின் சாக்கடை. இந்த நகரத்தின் பெயரையே தாங்கிய என்.டி.எம்-1 என்னும் எதிர்ப்பு மரபணுவைப் பற்றி 2011-இல் லான்செட் குழுமத்தின் தொற்றுநோய் இதழில் ஓர் ஆய்வு வந்தது. மத்திய டெல்லியைச் சுற்றி 12 கிலோமீட்டருக்குள் எடுத்த மாதிரிகளில், தேங்கிய கழிவுநீர் 171-இல் 51-இலும், குடிநீர்க் குழாய் நீர் 50-இல் 2-இலும் அந்த மரபணு இருந்தது. அந்தப் பெயரைச் சூட்டியது குறித்து எழுந்த அரசியல் சர்ச்சை பலருக்கு நினைவிருக்கும். ஆய்வகங்கள்தாம் அதற்குக் காரணம் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஏற்கெனவே இந்நிலையில் இருக்கும் ஒரு நீரோட்டத்தில், தவிர்க்கக்கூடிய ஒரு குடுவையை நாம் ஏன் சேர்க்க வேண்டும் என்பதே என் கேள்வி.

இதனால் கழிவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். நம் பாடத்திட்டத்தில் மிகக் குறைவான நேரம் பெறுவதும் அதுதான். 2016-ஆம் ஆண்டின் மருத்துவ உயிரிக் கழிவு மேலாண்மை விதிகள், நுண்ணுயிரியல் கழிவை அது உண்டான இடத்திலேயே முதலில் செயலிழக்கச் செய்த பின்னரே பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுப்ப வேண்டும் என்கின்றன. நடைமுறையில் அது ஆட்டோகிளேவைக் குறிக்கிறது. 121 பாகை செல்சியஸ், 15 பவுண்டு அழுத்தம், 15 நிமிடம் என்று தேர்வில் எழுதி மதிப்பெண் பெறுகிறோம். அந்த 15 நிமிடம் ஊடகக் கரைசலுக்குப் போதும். தட்டுகள் நெருக்கமாக அடைத்த கழிவுப் பைக்குப் போதாது. பையின் நடுவே வெப்பம் சென்று சேர அதைவிட மிக நீண்ட நேரம் ஆகும். பையின் வாயை இறுக்கிக் கட்டிவிட்டால் நீராவி உள்ளே புகாது, காற்று சிக்கிக்கொள்ளும், பை வெந்தது போலத் தோன்றும், உள்ளே உயிர் இருக்கும். ஒட்டும் நாடாவில் கறுப்புக் கோடு தோன்றினால் நாடா இருந்த இடம் சூடாகியது என்று மட்டுமே பொருள். உள்ளே இருந்தவை அழிந்தனவா என்பதை அறிய ஜியோபேசில்லஸ் ஸ்டியரோதெர்மோஃபிலஸ் வித்துகளை நடுவே வைத்துச் சோதிக்க வேண்டும். நடுவழியில் மின்சாரம் போய்விட்டால் விட்ட இடத்திலிருந்து தொடர முடியாது; முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

ஆட்டோகிளேவ் இயலாத இடத்தில் ஹைப்போகுளோரைட். டெல்லியின் மே, ஜூன் வெயிலில் அது விரைவில் வீரியம் இழக்கும். நீர்த்த கரைசலை அன்றன்று கலக்க வேண்டும். "போன மாதம் கலந்தது, வாசனை வருகிறதே" என்பது சான்றாகாது. 2019 ஜூலை, ஆகஸ்டில் சீனாவின் லான்ஜோ நகரில் கால்நடைத் தடுப்பூசி ஆலை ஒன்று காலாவதியான கிருமிநாசினியைப் பயன்படுத்தியது. கழிவுக் காற்றில் புரூசெல்லா பாக்டீரியா உயிரோடு வெளியேறி, காற்றடித்த திசையில் இருந்தவர்களைத் தாக்கியது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோருக்குத் தொற்று உறுதியானது. ஒரு குப்பியின் மேலிருந்த தேதியை யாரும் படிக்கவில்லை.

இந்தப் பைகளை நம் அறையிலிருந்து எடுத்துச் செல்பவர் யார்? எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் 'பையா' என்று நாங்கள் அழைக்கும் ஒப்பந்தத் தொழிலாளர். சுவரில் உள்ள விதித்தாள் ஆங்கிலத்தில் இருக்கும். அவருக்கு அதைப் படிக்க வராது. மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என்று நிறங்களைப் பார்த்தே அவர் தம் உடலைக் காத்துக்கொள்ள வேண்டும். சிவப்புப் பையில் ஒரு ஊசியையோ உடைந்த கண்ணாடித் துண்டையோ நாம் போட்டால், நிறத்தை நம்பிய மனிதருக்கு நாம் பொய் சொல்கிறோம். அவருக்குக் குத்தினால், எந்த உயிரி, எந்த மருந்துக்கு எதிர்ப்பு என்று மருத்துவரிடம் சொல்ல அவரிடம் எந்தக் குறிப்பும் இராது.

நுண்ணுயிரி இல்லாத ஒரு நிகழ்வானாலும், டெல்லியில் இருந்துகொண்டு இதைச் சொல்லாமல் விட முடியாது. சாணக்யபுரியிலிருந்து ரிங் ரோடில் தௌலா குவாம், நாராயணா வழியாகச் சென்றால் மாயாபுரி வரும். பழைய இரும்புக் கடைகளின் பேட்டை. டெல்லிப் பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறையில் 1985 முதல் பயன்படாமல் கிடந்த காமா கதிர்வீச்சுக் கருவி ஒன்று 2010 பிப்ரவரியில் ஏலத்தில் கழிவுப் பொருளாக விற்கப்பட்டது. அதனுள் கோபால்ட்-60 இருந்தது. மாயாபுரியில் அதை உடைத்துப் பிரித்தவர்களுக்குத் தாங்கள் கையில் எடுத்தது என்னவென்று தெரியாது. ஏப்ரலில் எழுவர் கதிர்வீச்சுப் பாதிப்போடு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர், ஒருவர் இறந்தார். கருவியை வாங்கியவர்கள் ஓய்வு பெற்றிருப்பார்கள். அதை இயக்கிய மாணவர்கள் பட்டம் பெற்றுச் சென்றிருப்பார்கள். அறிவு வெளியேறிவிட்டது, பொருள் மட்டும் தங்கிவிட்டது. நம் ஆய்வகங்களின் மைனஸ் 80 உறைபெட்டிகளைத் திறந்து பாருங்கள். படிப்பு முடித்துச் சென்றவர்களின் பெயர் அழிந்த பெட்டிகள் எத்தனை! துறையை விட்டு நீங்குமுன் தன் வளர்ப்புகளின் பட்டியலை ஒப்படைப்பதும், வேண்டாதவற்றைத் தானே அழித்துவிட்டுச் செல்வதும் ஆய்வேட்டின் கடைசி அத்தியாயம் என்று நான் கருதுகிறேன்.

இறுதியாக, விதிகளிலேயே கடினமானது: நடந்ததை உடனே சொல்வது. இதற்கு நம் துணைக்கண்டத்திலேயே ஒரு பெருங்கதை உண்டு. 1902 அக்டோபர் 30 அன்று, பஞ்சாபின் மல்கோவால் என்னும் ஊரில் 107 பேருக்கு வால்டெமார் ஹாஃப்கைனின் பிளேக் தடுப்பூசி போடப்பட்டது. அவர்களில் 19 பேர் டெட்டனஸ் கண்டு இறந்தனர். அந்தப் பத்தொன்பது பேரும் 53-என் என்று எண்ணிட்ட ஒரே குப்பியிலிருந்து ஊசி பெற்றவர்கள். பம்பாய் பரேலில், பழைய ஆளுநர் மாளிகையில் இயங்கிய ஆய்வகத்தில்தான் குப்பி மாசடைந்தது என்று விசாரணைக் குழு கருதியது. ஹாஃப்கைன் பணியிலிருந்து விலக்கப்பட்டார். ஆனால் அன்று குப்பியைத் திறக்கும் வேளையில் உதவியாளரின் இடுக்கி தரையில் விழுந்ததும், அது முறைப்படித் தூய்மை செய்யப்படாமலே மீண்டும் பயன்பட்டதும் அதே விசாரணையின் பதிவுகளில் இருந்தன. ரொனால்ட் ராஸ் முதலிய அறிவியலாளர்கள் அதை எடுத்துக்காட்டிப் போராடிய பின், 1907-இல்தான் ஹாஃப்கைன் மீதான பழி நீங்கியது. அந்த ஆய்வகம் 1925 முதல் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

மல்கோவால் இன்று பாகிஸ்தானில் இருக்கிறது. எல்லையின் இரு பக்கத்து மாணவர்களும் ஒரே மேசையில் அமர்ந்து அந்தக் கதையைப் பேசும் வாய்ப்பு எங்களுக்குக் கிடைத்தது. அந்த உதவியாளரைக் குற்றவாளியாக்க எங்களில் யாருக்கும் மனம் வரவில்லை. வரிசையில் நூறு பேர், பிளேக் அச்சம், அவசரம். இடுக்கி எவர் கையிலிருந்தும் விழும். விழுந்த அந்தக் கணத்தில், "பொறுங்கள், இந்தக் குப்பி வேண்டாம், இதை ஒதுக்கி வையுங்கள்" என்று சொல்லும் உரிமை அங்கே நின்ற எவருக்காவது இருந்ததா என்பதே எங்களிடையே எழுந்த கேள்வி. ஒரு குப்பி வீணாகியிருக்கும், அவ்வளவுதான்.

அந்த உரிமை நம் மாணவர்களுக்கு இருக்கிறதா? பெயர் குறிப்பிட விரும்பாத ஒரு கல்லூரி ஆய்வகத்தில் 'பிரேக்கேஜ்' கட்டணம் என்று ஒன்று இருந்தது. எது உடைந்தாலும் முன்வைப்புத் தொகையிலிருந்து பிடித்துக்கொள்வார்கள். விளைவு, அந்த ஆய்வகத்தில் எதுவும் உடைவதே இல்லை. உடைந்த தட்டுகள் செய்தித்தாளில் சுற்றப்பட்டு, கைப்பையில் ஏறி, விடுதிக் குப்பைத்தொட்டியில் சேர்ந்தன. சில நூறு ரூபாயைக் காக்க வைத்த விதி, பாக்டீரியாவைப் பேருந்தில் ஏற்றி அனுப்பியது. சிந்தியதைச் சொன்னால் திட்டு, உடைந்ததைச் சொன்னால் தண்டம், காய்ச்சல் என்று சொன்னால் "சாக்குச் சொல்கிறாய்" என்னும் ஏளனம் என்றிருக்கும் இடத்தில் சுவரில் எத்தனை விதிகள் ஒட்டினாலும் பயனில்லை.

ஆகவே ஆசிரியப் பெருமக்களிடம் என் வேண்டுகோள் இரண்டு. சிந்தியது, உடைந்தது, குத்தியது என்று தானே வந்து சொல்லும் மாணவரிடமிருந்து தண்டம் பெறாதீர்கள். முதல் சொல்லாக "நல்லது, சொன்னாயே" என்று சொல்லுங்கள். அடுத்து, விதித்தாளில் கையொப்பம் வாங்குவதற்கு முன் ஒவ்வொரு விதிக்கும் நேரே "இது யாரைக் காக்கிறது?" என்று மாணவரையே எழுதச் சொல்லுங்கள். நான் இதைச் சில ஆண்டுகள் செய்து பார்த்தேன். முதல் இரண்டு விதிகளுக்கு "என்னை" என்று எழுதுவார்கள். பிறகு "அறைத்தோழி", "பையா", "மேல் மாடியில் இருப்பவர்", "வீட்டில் இருக்கும் தம்பி", "எனக்குப் பின் இந்த உறைபெட்டியைத் திறப்பவர்" என்று பட்டியல் நீளும். பட்டியலின் மிகக் குறைவான இடங்களிலேயே "என்னை" வரும்.

மாணவ நண்பர்களுக்கு ஒரு சொல். காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்து மருத்துவரிடம் சென்றால், "நான் நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் பணியாற்றுகிறேன், இந்த வாரம் கையாண்டது இந்த உயிரி, இதில் இந்த எதிர்ப்பு மரபணு உள்ளது" என்று மறவாமல் சொல்லுங்கள். அந்த விவரத்தை ஒரு சிறு அட்டையில் எழுதி அடையாள அட்டையின் பின்னே வைத்துக்கொள்ளுங்கள். கழிவை எடுத்துச் செல்பவருக்கு அவருடைய மொழியில் ஒருமுறை விளக்குங்கள். இந்தி தெரியாவிட்டால் தெரிந்த நண்பரை அழைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஆய்வகத்தில் எந்த விதிக்குக் காரணம் தெரியவில்லையோ அதைக் கருத்துப் பகுதியில் எழுதுங்கள். தெரிந்தவர்கள் விடை சொல்லட்டும். ஒருவருக்கும் தெரியாவிட்டால் தேடிப் பார்ப்போம்.